குல வரலாறும் பதிவேடும்

கொங்கு நாட்டில் குல வரலாற்று நூல்களுக்குப் பஞ்சமில்லை. காணிக் கோயிலில் குடமுழுக்கு நடந்தால் மலர் ஒன்று வெளிவரும். மலரில் குலத்தின் வரலாறு இடம்பெறும். ஆந்தை, காடை, தூரன், பயிரன், செங்கண்ணன், ஓதாளன் என எக்குலத்தைப் பற்றிய நூலைக் கையில் எடுத்தாலும் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. முதலில் சேரரும் சோழரும் வருவர். அடுத்துக் கொங்கு மண்டல சதகம் துணைக்கு அழைக்கப்படும். பின்னர்ச் செப்புப் பட்டயம், காணியூர்களின் பட்டியல். அதன்பின் ஒரே தாவலில், நூல் வெளியீட்டிற்கு நன்கொடை வழங்கிய அன்பரின் பாட்டனார் வந்து நிற்பார்! பட்டயத்திற்கும் பாட்டனாருக்கும் இடைப்பட்ட இருநூறு, முந்நூறு ஆண்டுகளில் யார் யாருக்கு மகன், யார் யாருக்கு மகள் என்ற வினாவிற்கு விடை இராது. அப்படியொரு வினா உண்டு என்ற நினைவும் ஆசிரியருக்கு இருந்ததாகத் தெரியாது.

இந்நூல்களைப் பழிப்பது நம் நோக்கமன்று. அவற்றால் காணிக் கோயில்களின் பட்டியலேனும் நிலைத்தது. புலவர் செ. இராசு போன்றோர் கொங்கு நாட்டுச் செப்பேடுகளையும் ஓலை ஆவணங்களையும் ஊர் ஊராகத் தேடிப் பதிப்பித்தது பெரும்பணி. ஆனால் ஒரு சமூகத்தின் ஆவணத்தைப் பதிப்பிப்பது வேறு. அதைக் காட்டி 'என் முன்னோர் இவர்' என்று ஒரு குடும்பம் உரிமை கொண்டாடுவது வேறு. முன்னது வரலாறு. பின்னதற்கு ஒவ்வொரு படிக்கும் ஒரு சான்று வேண்டும். 'இன்னார் இன்னாருடைய பிள்ளை' என்பதே அந்தச் சான்றின் மிகச் சிறிய அலகு.

இந்த முறையில் ஆராய்ச்சி எவ்வாறு நடக்கிறது என்பதைக் காண இத்தாலி நாட்டைச் சற்றே எட்டிப் பார்ப்போம். 1876-க்கும் 1915-க்கும் இடையே ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் பேர் அந்நாட்டிலிருந்து வெளியேறினர். அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் அமெரிக்காவிலும் வாழும் அவர்களுடைய கொள்ளுப்பேரர்கள் இன்று தம் முன்னோரைத் தேடுகின்றனர். முறையாகத் தேடுகிறவர் ரோமப் பேரரசர் எவரேனும் தமக்கு உறவா என்று தொடங்குவதில்லை. தம் பிறப்புச் சான்றில் தொடங்கித் தந்தையின் சான்று, பாட்டனின் திருமணப் பதிவு என்று ஒவ்வொரு படியாக ஏறுகிறார். பாட்டன் பிறந்த ஊரின் பெயர் தெரியாவிட்டால் மேலே ஓர் அடியும் வைக்க முடியாது. ஏனெனில் அங்கே பதிவேடுகள் ஊருக்கு ஊர் தனித்தனி. ஒன்றுபட்ட இத்தாலியில் 1866 முதல் அரசின் குடிமைப் பதிவு நடந்து வருகிறது. தென்பகுதியில் நெப்போலியன் காலத்து ஏற்பாட்டினால் 1809-லேயே அது தொடங்கிவிட்டது. அதற்கும் முற்பட்ட காலத்திற்கு ஆலயப் பதிவேடுகள் உண்டு. திருமுழுக்கையும் திருமணத்தையும் ஒவ்வொரு பங்கிலும் எழுதி வைக்க வேண்டும் என்று திரெந்து நகரில் கூடிய கத்தோலிக்கப் பொதுச்சங்கம் 1563-ல் விதித்தது. 1614-ல் இறப்புப் பதிவும், வீடுவாரியாகப் பங்கு மக்களை எழுதும் குடிக்கணக்கும் சேர்ந்தன.

தென் இத்தாலியின் திருமணக் கட்டுகள் ஆராய்ச்சியாளருக்குக் கிடைத்த புதையல் எனலாம். மணமக்களின் பிறப்புச் சான்றுடன், பெற்றோர் இறந்திருந்தால் அவர்களுடைய இறப்புச் சான்றையும், தந்தையை இழந்தவராயின் பாட்டனின் இறப்புச் சான்றையும் இணைக்க வேண்டியிருந்தது. ஒரே கட்டில் மூன்று தலைமுறை! மேலும், இத்தாலியப் பெண் மணமான பின்னும் பதிவுகளில் பிறந்த வீட்டுப் பெயராலேயே குறிக்கப்படுகிறாள். எனவே தாய்வழி மறைவதில்லை. சில வழிகள் அடைபடுவதும் உண்டு. நேப்பிள்ஸ் பகுதியில் 'எஸ்பொசிட்டோ' என்ற குடும்பப் பெயர், பெற்றோர் இன்னாரெனத் தெரியாது விடப்பட்ட குழந்தைகளுக்கு இடப்பட்டது. அப்பெயருடைய முதல் மூதாதையை எட்டியதும் ஆராய்ச்சியாளர் பேனாவை மூடிவிடுவார். அதற்கு மேல் ஓர் அரசகுலத்தை ஒட்டவைக்க மாட்டார்.

நம் நூல்களின் இரண்டாவது குறை கணக்கைப் பற்றியது. உங்களுக்குப் பெற்றோர் இருவர், பாட்டன் பாட்டியர் நால்வர், அடுத்து எண்மர். இவ்வாறு இரட்டித்துச் சென்றால் பத்தாம் தலைமுறையில் 1,024 இடங்கள் உள்ளன. தந்தைக்குத் தந்தை, அவருக்குத் தந்தை என்று செல்லும் குல வரலாறு அவற்றுள் ஒரே ஓர் இடத்தைப் பற்றியே பேசுகிறது. மீதி 1,023 பேரும் உங்களுக்கு அதே அளவு முன்னோரே. முப்பதாம் தலைமுறையில், அஃதாவது ஏறத்தாழ 750 முதல் 900 ஆண்டுகளுக்கு முன்னர், இடங்களின் எண்ணிக்கை 107 கோடியைத் தாண்டுகிறது. அன்று உலகம் முழுவதிலுமே அத்தனை மக்கள் இல்லை! ஆகவே ஒருவரே பல இடங்களை நிரப்பியிருக்க வேண்டும். இதை விளக்கக் கொங்கு நாட்டில் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. மாமன் மகளையோ அத்தை மகளையோ மணந்தவரின் குழந்தைக்குக் கொள்ளுப்பாட்டன் கொள்ளுப்பாட்டியர் எண்மரல்லர், அறுவரே. அக்காள் மகளை மணந்தால் கணக்கு இன்னும் வேடிக்கையாகும்: குழந்தையின் அப்பாருவே, தாய்வழியில் அமுச்சியைப் பெற்ற தந்தையுமாகிறார். 'நாங்கள் இன்ன மன்னரின் வழியினர்' என்ற கூற்றை இப்போது எடைபோட்டுப் பாருங்கள். தனியொரு கோட்டில் அதை மெய்ப்பிக்க ஆவணம் இல்லை. எல்லாக் கோடுகளையும் எண்ணினாலோ அந்தப் பெருமையில் ஊரில் பாதிப் பேர் பங்கு கேட்கலாம்!

நம்மிடம் உள்ள ஏடுகள்

'இத்தாலியில் ஏடுகள் உள்ளன, நம்மிடம் என்ன உள்ளது?' என்று கேட்பீர்கள். உள்ளன, ஆனால் நாம் எதிர்பார்க்கும் இடத்தில் இல்லை.

சென்னை மாகாணத்தில் 1899-ஆம் ஆண்டுச் சட்டம் பிறப்பு இறப்புப் பதிவை ஒழுங்கு செய்தது. சிற்றூர்களில் இதை எழுதியவர் மணியக்காரர். இன்று நடப்பில் இருப்பது 1969-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். பெயர் சூட்டுவதற்கு முன்பே பதிவு முடிந்துவிடுவதால், பழைய பதிவுகளில் குழந்தையின் பெயர்க் கட்டம் வெறுமையாகவும், 'ஆண்' அல்லது 'பெண்' என்ற சொல் மட்டுமாகவும் இருப்பதைக் காணலாம். ஒரே தந்தைக்கு நான்கு ஆண் குழந்தைகள் எனில் உங்கள் பாட்டனார் அவர்களுள் எவர்? தந்தையின் பெயரும் பெரிதும் உதவாது. பேரனுக்குப் பாட்டன் பெயரை இடும் வழக்கத்தால் ஒரே ஊரில், ஒரே குலத்தில் முத்துசாமிகளும் பழனிச்சாமிகளும் வரிசையாக நிற்பர். திருமணத்திற்கோ, 2009-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை பொதுவான கட்டாயப் பதிவே தமிழ்நாட்டில் கிடையாது. 1980-ல் மணியக்காரர், கணக்கப்பிள்ளைப் பதவிகள் நீக்கப்பட்டுக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தபோது ஏடுகளும் கைமாறின. பிறப்பு இறப்புப் பதிவேடுகளை அழிக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. கரையான் அவ்விதியைப் படிப்பதில்லை.

நிலம் உடையவருக்கு வழி எளிது. நிலவரித் திட்டப் பதிவேடு, பட்டா, பாகப்பிரிவினைப் பத்திரம் எல்லாம் தகப்பன் பெயருடன் பேசும். குறிப்பாகப் பாகப்பிரிவினைப் பத்திரம் அண்ணன் தம்பிகளை ஒரே தாளில் நிறுத்திவிடும். காணிக் கோயிலின் தலைக்கட்டு வரிக் குறிப்பும் பயன்படும். ஆனால் அந்நிலத்தில் ஏர் ஓட்டிய பண்ணையாளின் பெயர் இவற்றில் எதிலும் வராது. பங்கு பெறாத பெண்மக்களின் பெயரும் வராது. குல வரலாறுகள் இவ்வேடுகளையே நம்புவதால் அவற்றிலும் இவர்கள் இல்லை.

இங்கேதான் ஒரு வியப்பு காத்திருக்கிறது. கொங்கு நாட்டில் எழுத்துச் சான்று சிலவேளை ஏழைக்கே கூடுதலாகக் கிடைக்கிறது. 1860 முதல் 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்குக் கப்பலேறினர். சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் 1860 நவம்பர் 16-இல் டர்பனை அடைந்தது. ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடலில் உள்ள அடையாளம் என்று பட்டியல் எழுதப்பட்டது. ஆணுக்கு எழுதியதுபோலவே பெண்ணுக்கும் தனி எண்ணும் தனி வரியும் உண்டு. இப்பட்டியல்கள் இன்றும் உள்ளன, கணினியிலும் ஏற்றப்பட்டுள்ளன. கோயமுத்தூர், சேலம் ஜில்லாக்களின் பெயர்களும் அவற்றில் காணப்படுகின்றன. பட்டக்காரர் வீட்டிலும் கிடைக்காத விவரம், பிழைப்புத் தேடிக் கடல் கடந்த கூலியாளைப் பற்றிக் கிடைக்கிறது!

மற்றொன்று ஆலயப் பதிவேடு. பதினேழாம் நூற்றாண்டு முதலே கிறித்தவர் வாழ்ந்துவரும் கருமத்தம்பட்டி முதலிய ஊர்கள் நம் வட்டாரத்தில் உள்ளன. பாரிசு நகரத்து மறைப்பணிச் சபையார் பணியாற்றிய கோவை, 1886-ல் மறைமாவட்டம் ஆயிற்று. கத்தோலிக்கத் திருமுழுக்குப் பதிவில் குழந்தையின் பெயர், தந்தை பெயர், தாய் பெயர், ஞானத்தந்தை, ஞானத்தாய், குருவின் கையொப்பம் ஆகியவை இருக்கும். தாயின் பெயர் இல்லாமல் பதிவு நிறைவு பெறாது என்பதைக் கவனியுங்கள். மேலும், 1908-ல் நடப்புக்கு வந்த திருச்சபை ஆணைப்படி, ஒருவருடைய திருமணம் எவ்வூரில் நடந்தாலும் அவருடைய திருமுழுக்குப் பதிவின் ஓரத்தில் அது குறிக்கப்பட வேண்டும். ஆகவே சொந்த ஊர் ஏட்டிலேயே, பெண் எங்கே வாழ்க்கைப்பட்டாள் என்பது எழுதப்பட்டிருக்கும். மகளை மணம் முடித்து அனுப்பியதும் அவள் பெயரையே மறந்துவிடும் குல வரலாற்றோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆலய ஏட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாகாது. பழைய பதிவுகள் பெரும்பாலும் இலத்தீன் மொழியில் உள்ளன. ஏட்டில் 'பேத்ருஸ்' என்றிருப்பவர் ஊரில் இராயப்பன். 'பவுலுஸ்' சின்னப்பன். 'யோவான்னெஸ்' அருளப்பன், 'யோசேப்' சூசை, 'இக்னாசியுஸ்' இன்னாசி. 'அலோய்சியுஸ்' ஞானப்பிரகாசம் ஆகிறார். அப்பெயருக்குரிய அலோய்சியுஸ் கொன்சாகா இத்தாலியில் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தவர். தேம்பாவணி தந்த வீரமாமுனிவர் 1680-ல் பிறந்ததும் அதே ஊரே. சூலூர்ப் பக்கத்து ஞானப்பிரகாசம் ஒருவர் தம்மை அறியாமலே இத்தாலியச் சிற்றூரின் நினைவைப் பெயரில் சுமந்து திரியக்கூடும். அதனால் அவர் இத்தாலியர் ஆகிவிட மாட்டார். பெயர் வந்த வழி வேறு, குருதி வந்த வழி வேறு. நம் குல நூல்கள் அடிக்கடி குழப்பிக்கொள்வதும் இந்த இரண்டையே. ஓர் ஊர்ப் பெயரோ பட்டப் பெயரோ ஒத்திருந்தால் போதும், உறவு நாட்டப்பட்டுவிடும்!

கப்பல் பட்டியலுக்கும் குறை உண்டு. ஆங்கில எழுத்தில் ல, ள, ழ வேறுபாடு இல்லை; எழுத்தர் தம் காதில் விழுந்ததை எழுதினார். வயதுகள் 20, 25, 30 என்று குவிந்து நிற்கும். தம் வயதை அறியாதவர்கள் முழு எண்ணாகச் சொல்வதால் வரும் குவியல் இது. மக்கள் தொகை இயலார் நன்கறிந்த ஒன்று. எனவே 1880-ல் வயது 30 என்றிருந்தால் பிறந்த ஆண்டு 1850 என்று உறுதி செய்யாமல், முன்னும் பின்னும் ஐந்தாண்டுகள் விட்டுத் தேட வேண்டும்.

குடும்பத்தில் கிடைக்கும் சாதக ஓலையிலும் ஒரு பொறி உள்ளது. 'தாது வருடம்' என்றால் உடனே 1876-ல் தொடங்கிய பெரும்பஞ்சம் நினைவுக்கு வரும். ஆனால் தமிழ் ஆண்டுகள் அறுபதாண்டுச் சுழற்சி உடையவை. 1936-ல் பிறந்ததும் தாதுவே. இதைக் கவனியாமல் இரு தலைமுறைகளை விழுங்கிய வமிசாவளியும் இருக்கலாம். இல்லாத இரு தலைமுறைகளைப் பெற்றெடுத்ததும் இருக்கலாம்.

நீங்கள் ஒரு குல மலருக்கு எழுதும் வாய்ப்பைப் பெற்றால், மன்னரை விட்டுவிட்டு வீட்டிலுள்ள மூத்தவரிடம் போய் அமருங்கள். அப்பாரு வழியை மட்டும் கேட்காமல் அப்புச்சி வழியையும் கேளுங்கள். அமுச்சியின் பெயர், அவர் பிறந்த ஊர், அவரைப் பெற்றவளின் பெயர் ஆகியவற்றை முதலில் எழுதுங்கள். எந்தப் பட்டாவிலும் கிடைக்காதவை இவையே. ஆண்டைக் கேட்டால் பயனிராது. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திற்கு முன்னா பின்னா, 1932-ல் பைக்காரா மின் நிலையம் ஓடத் தொடங்குவதற்கு முன்னா பின்னா என்று நிகழ்ச்சிகளைச் சுட்டிக் கேளுங்கள். விடைக்கு எதிரே அதைச் சொன்னவர் பெயரையும் கேட்ட நாளையும் குறியுங்கள். தெரியாத இடத்தைக் காலியாக விட்டு, அப்படியே அச்சிடுங்கள்.