கல்லில் கிடைத்த வல்லமை: முஸ்லிம் வீரர் குழுக்களும் அவை பற்றிய நூல்களும்

அதிமானுட வீரர்கள் குழுவாகச் சேர்ந்து தீமையை எதிர்க்கும் சித்திரக்கதைகளும் திரைப்படங்களும் சிறுவர்களின் பொழுதுபோக்கு என்ற நிலையைக் கடந்து, இன்று பல்கலைக்கழக ஆய்வுக்குரிய பொருளாகிவிட்டன. அவற்றில் இடம்பெறும் முஸ்லிம்களைப் பற்றியும் நூல்கள் வந்துள்ளன. ஏ. டேவிட் லூயிஸ், மார்ட்டின் லுண்ட் ஆகியோர் பதிப்பித்த 'முஸ்லிம் சூப்பர்ஹீரோஸ்' என்னும் கட்டுரைத் தொகுப்பும், சோஃபியா ரோஸ் அர்ஜானாவின் 'வெய்ல்டு சூப்பர்ஹீரோஸ்' என்னும் நூலும் 2017இல் வெளியாயின.

முஸ்லிம் எவ்வாறு சித்திரிக்கப்படுகிறார் என்பதே இவ்வகை ஆய்வுகளின் தலையாய வினா. அவ்வினா தேவையானதே. 'எக்ஸ்-மென்' குழுவின் கதையில் 2002இல் அறிமுகமான 'டஸ்ட்' என்னும் பாத்திரம் இதற்குச் சான்று. ஆப்கானியப் பெண்ணான அவள் மணற்புயலாக மாற வல்லவள். ஆனால் அவளுக்கு அணிவிக்கப்பட்டதோ அரபு நாட்டு அபாயாவும் நிகாபும். அவள் வாயில் வைக்கப்பட்டதோ 'துராப்' என்னும் அரபுச் சொல். பஷ்தூவும் தரீயும் வழங்கும் ஒரு நாட்டின் மகள், படைத்தவரின் பார்வையில் வெறும் 'முஸ்லிம் பெண்'ணாகச் சுருங்கிவிட்டாள். இத்தகைய பிழைகளைச் சுட்டும் ஆய்வை நாம் வரவேற்கத்தான் வேண்டும்.

எனினும், பிறர் நம்மை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதோடு நின்றுவிடும் திறனாய்வு பாதி வழியே வந்ததாகும். வீரனின் வல்லமை எங்கிருந்து வருகிறது, அதற்கு அவன் என்ன விலை கொடுத்தான் என்பது அதனினும் ஆழமான வினா. அவ்வினாவை எழுப்புவதற்கு ஏற்ற படைப்பு, குவைத்தைச் சேர்ந்த உளவியலாளர் நாயிஃப் அல்முதவ்வா உருவாக்கி 2006இல் வெளியிடத் தொடங்கிய 'தி 99' என்னும் தொடராகும்.

1258இல் மங்கோலியர் பாக்தாதை அழித்தபோது அதன் நூலக அறிவு 99 மணிக்கற்களுள் காக்கப்பட்டது. பின்னர் அவை உலகெங்கும் சிதறின. அவற்றை அடையும் இளைஞர் ஒவ்வொருவரும் ஓர் ஆற்றலைப் பெறுகின்றனர் என்பது கதை. ஜப்பார், நூரா முதலிய பெயர்கள் அஸ்மாவுல் ஹுஸ்னாவை நினைவூட்டுவன. அமெரிக்காவின் டிசி நிறுவனம் 2010இல் தன் நீதிக் குழுவையும் இவர்களையும் ஒரே கதையில் இணைத்தது. 2014இல் சவூதி மார்க்க அறிஞர்கள் இத்தொடரைக் கண்டித்தனர்; ஆசிரியருக்குக் கொலை மிரட்டல்களும் வந்தன. மிரட்டல் எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. தொடர் இன்று வெளிவரவில்லையாயினும், அது எழுப்பிய கேள்வி எஞ்சி நிற்கிறது.

இறைப்பண்புகளின் சாயலை மனிதன் பெறுவது என்பது நம் மரபுக்குப் புதிதன்று. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் 'அல்மக்ஸதுல் அஸ்னா'வில், ஒவ்வொரு திருநாமத்திலும் அடியானுக்குரிய பங்கு யாது என விளக்குகிறார். ஆகவே, மனிதருக்கு இப்பண்புகளைச் சார்த்தியதே குற்றம் என்பார் கூற்று முழுமையானதன்று. குறை வேறிடத்தில் உள்ளது. தொடரில் ஜப்பார் என்பவன் பேருருக் கொண்ட வலிமையாளன். குர்ஆனிலோ இச்சொல் மனிதரைக் குறிக்கும் இடங்களில் கண்டனத் தொனியே கேட்கிறது. தம்மை இறைவன் ஜப்பாராக ஆக்கவில்லை என்று ஈஸா (அலை) நன்றியோடு கூறுவதை மர்யம் அத்தியாயத்தில் காண்கிறோம். அடியானுக்கு இந்நாமத்தில் உள்ள பங்கைக் கூறும் கஸ்ஸாலியும் உடல்வலிமையைச் சொல்லவில்லை. தன் ஒழுக்கத்தாலேயே பிறரைப் பின்பற்றச் செய்யும் உயர்நிலையைச் சொல்கிறார். சித்திரக்கதை சொல்லை எடுத்துக்கொண்டது; பொருளை விட்டுவிட்டது.

கல்லைத் தொட்டதும் ஆற்றல் வந்துவிடுகிறது என்பதே இதன் வேர். பண்பு என்பது பயிற்சியால், நஃப்ஸோடு நடத்தும் போராட்டத்தால் வருவது. வேலூர், ஆம்பூர் வட்டாரத்தார்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. பச்சைத் தோல் சுண்ணாம்புக் குழியில் கிடந்து, மயிரும் கொழுப்பும் நீங்கி, பட்டைச் சாற்றில் ஊறி, பல நாள் கழித்தே பதமாகிறது. பதனிடப்பட்ட தோல் தூய்மையடைகிறது என்னும் நபிமொழியைப் படிக்கும் மாணவர், அத்தூய்மை ஒரு நீண்ட வினையின் முடிவு என்பதையும் இங்கே கண்ணாரக் காண்கிறார்.

வீரர் குழு என்னும் கற்பனைக்காக நாம் வெளியே செல்லவும் வேண்டியதில்லை. அலி (ரலி) முதலியோரின் வீரத்தைக் கற்பனை கலந்து பாடும் 'படைப்போர்' என்னும் இலக்கிய வகையைத் தமிழுக்குத் தந்தவர்கள் முஸ்லிம் புலவர்களே. உருது வழங்கும் நம் இல்லங்களுக்கு 'தாஸ்தானே அமீர் ஹம்ஸா' உண்டு. லக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் அதனை 46 தொகுதிகளாக வெளியிட்டது. வீரத்தில் ஹம்ஸா, தந்திரத்தில் அமர் அய்யார், உடல்வலிமையில் இந்திய மன்னன் லந்தஹூர் என அதுவும் ஒரு குழுவின் கதையே. ஷம்சுர் ரஹ்மான் ஃபாரூக்கி அதனை ஆராய்ந்து பல தொகுதிகள் எழுதினார். அக்கதையிலும் மாயப்பொருள்கள் மலிந்துள்ளன என்பது உண்மை. ஆனால் அது இறைநாமங்களை மாந்தருக்குப் பங்கிடவில்லை. தன்னைக் கதை என்றே அறிவித்துக்கொண்டது.

'தி 99'இல் போற்றத்தக்க ஒன்றும் உண்டு. 99 ஆற்றல்களும் எந்த ஒருவரிடமும் குவியவில்லை. ஒருவர் குறையை மற்றவர் நிறைவு செய்கிறார். ஜமாஅத் என்னும் கருத்தின் அழகிய நிழல் அது. அதனைக் கண்டிப்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. நம் பிள்ளைகள் கதை கேட்கத்தான் செய்வார்கள். படைப்போரையும் தாஸ்தானையும் கற்றறிந்த ஒருவர், கஸ்ஸாலியின் அளவுகோலைக் கையிலேந்தி, தமிழில் அவர்களுக்காக எழுத முன்வர வேண்டும். அவர் படைக்கும் வீரன் மலையைப் பெயர்க்காவிட்டாலும் குறையில்லை; தன் கோபத்தை அடக்கக் கற்ற வரலாறு அவனுக்கு இருந்தால் போதும்.