இடைவெளியின் சண்டையும் பெயரின் அரசியலும்

'ஒழுங்கு' என்ற சொல்லைக் கேட்டதுமே நமக்கு அதிகாரத்தின் வாடை அடிச்சுடுது. தேவையான பழக்கம்தான். ஆனால் 'கோ' எனும் கணினி மொழியோடு வரும் கோஃபம்ட் கருவியை அந்த ஒரு சொல்லால் தீர்த்துவிட முடியாது என்றே எனக்குப் படுகிறது.

கூகுளில் ராபர்ட் கிரீசெமர், ராப் பைக், கென் தாம்சன் மூவரும் வடிவமைத்து 2009இல் வெளியான மொழி இது. நிரலை யார் எப்படி எழுதினாலும் கோஃபம்ட் அதை ஒரே சாயலுக்குக் கொண்டுவந்துவிடும். உள்தள்ளலுக்கு டேப், குறிகளைச் சுற்றி இவ்வளவு இடைவெளி, அவ்வளவுதான். 'எனக்கு நாலு இடம் தள்ளி வேணும்' என்று கேட்க முடியாது. நிரலின் பொருளை அது தொடுவதில்லை.

ஒற்றைத்தன்மையின் வன்முறை என்று இதை உடனே சொல்லிவிடலாம். ஆனால் கருவி இல்லாத இடத்தில் 'சரியான' வடிவத்தைத் தீர்மானிப்பவர் யார்? பெரும்பாலும் குழுவின் மூத்தவர். என்ன சொல்லியிருக்கிறது என்று பார்க்காமல், சந்திப்பிழை பிடித்தே ஒரு கட்டுரையை ஓரங்கட்டிவிடும் தமிழாசிரியரை நாம் அறியாதவர்களா? அந்தத் திருத்தும் கையைத்தான் கோஃபம்ட் பிடுங்கிக்கொள்கிறது. அது தரும் வடிவம் யாருக்கும் பிடித்தமானதல்ல, கருவியோ எல்லோருக்கும் பிடித்தது என்று பைக் 2015இல் சொன்னதை இங்கே வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

அப்படியானால் அதிகாரம் எங்கே போயிற்று? ஒரு படி கீழே, மொழியின் இலக்கணத்துக்குள். கோ மொழியில் ஒரு பெயர் தான் பிறந்த தொகுப்பைத் தாண்டி வெளியே புழங்க வேண்டுமானால் அது கேப்பிடல் எழுத்தில் தொடங்க வேண்டும். தமிழில் ஏது கேப்பிடல்? இன்னொன்று: யூனிகோட் 'எழுத்து' என வகைப்படுத்தியவை, எண்கள், அடிக்கோடு ஆகியவை மட்டுமே பெயருக்குள் வரலாம். நம் புள்ளியும் காலும் கொம்பும் அந்தப் பட்டியலில் இல்லை. 'மர' என்று பெயர் வைக்கலாம். 'மரம்' என்று வைக்க முடியாது. 2008இல் வந்த பைத்தான் 3 இதை அனுமதிக்கிறது. எனவே தொழில்நுட்பத்தின் தவிர்க்க முடியாமை என்று யாரும் தப்பிக்க இயலாது. சில மொழிகள் இப்படி வெளியே நிற்பதைக் கோவின் ஆவணமே ஒப்புக்கொள்கிறது.

ஆக, கோஃபம்ட் தரும் சமத்துவம் வாசலைத் தாண்டி உள்ளே வந்தவர்களுக்கானது. இடைவெளி பற்றிய சச்சரவை அது முடித்துவைத்தது நல்லதே. மிச்சமான நேரத்தில், நம் எழுத்தில் பெயர் வைக்கும் உரிமைக்காகச் சண்டை போடலாம்.