வேடமும் விலையும்

கற்பனை உலகக் கணினி விளையாட்டில் நாம் ஏற்கும் வேடம் எப்போது நிறைவு தருகிறது? உடையும் வாளும் மட்டும் போதா. தெரிவுக்கு விலை வேண்டும் என்பதே நம் கருத்து. அமெரிக்காவின் பெதெஸ்டா நிறுவனம் 2002இல் வெளியிட்ட 'மாரோவிண்ட்' ஆட்டத்தில் மூன்று பெருங்குடிகளுள் ஒன்றில் சேர்ந்தால் மற்ற இரண்டும் கதவடைக்கும். கதைக்கு இன்றியமையாத மாந்தரைக் கொன்றாலோ, ஊழின் இழை அறுந்ததென்று எச்சரித்துவிட்டு, அவ்வுலகிலேயே நம்மை வாழவிடும். 2011இல் வந்த 'ஸ்கைரிம்' காட்சியெழிலில் அதனை விஞ்சியது. ஆயினும், மந்திரம் மிகுதியும் கல்லாத வாள்வீரன் அங்கே மந்திரக் கல்லூரிக்கும் தலைவனாகிறான். திருடர் கூட்டத்துக்கும் தலைவனாகிறான். எல்லாமாகவும் ஆகிவிடுபவனுக்குத் தனக்கென ஒரு வேடம் ஏது? ஆடும் பிள்ளைகளிடம், 'எத்தனை வென்றாய்?' என்பதினும், 'எதை விட்டுக்கொடுத்தாய்?' என்று வினவுவதே தகும்.