ஆல்பியனின் வாரிசு: 'ஃபேபிள் 3' ஏன் ஏமாற்றியது?

'ஃபேபிள் 3' என்ற வீடியோ கேமின் பிற்பகுதியில் அரசுக் கருவூலத்துக்கு ஓர் இலக்கு வைக்கிறார்கள்: 65 லட்சம் பொற்காசு. ஆல்பியன் நாட்டின் மக்கள்தொகையும் 65 லட்சம்தான். இன்னும் ஓராண்டில் கடல் கடந்து ஓர் இருள் படையெடுத்து வரும். கருவூலத்தில் எத்தனை காசு குறைகிறதோ அத்தனை உயிர் போகும். தலைக்கு ஒரு காசு. புதிதாக முடிசூடிய நாயகன், தன்னை அரியணை ஏற்றியவர்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினால் பணம் கரையும், மீறினால் சேரும். கற்பனைக் கதைக்கு இதைவிட நல்ல சிக்கல் அமைவது அரிது. அப்படியிருந்தும், 2010 அக்டோபரில் வெளியான அந்த விளையாட்டு, பிரிட்டனில் உருவான கற்பனை ரோல்பிளேயிங் விளையாட்டுகளின் வரலாற்றில் ஒரு பெரிய ஏமாற்றமாகவே இன்றும் பேசப்படுகிறது. சண்டை மிக எளிது, மெனுவுக்குப் பதிலாக ஓர் அறையைக் கட்டிவிட்டார்கள், தொழில்நுட்பப் பிழைகள் மலிந்திருந்தன என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. எல்லாம் உண்மை. ஆனால் அவற்றை மொத்தமாகத் திருத்தியிருந்தாலும் ஏமாற்றம் தீர்ந்திருக்காது. கோளாறு நாயகனிடம் இருந்தது. அவனுக்குப் பட்டம் இருந்தது, பரம்பரை இருந்தது, குரல்கூட இருந்தது. தனக்கென்று வேண்டியது எதுவும் இல்லை.

ஒரு நாயகனுக்கு என்ன வேண்டும் என்பதைப் பிரிட்டிஷ் விளையாட்டு மரபு வெகு முன்பே கண்டுகொண்டிருந்தது. 1975இல் லண்டனில் கேம்ஸ் வொர்க்‌ஷாப்பைத் தொடங்கியவர்களில் இருவரான ஸ்டீவ் ஜாக்சனும் இயன் லிவிங்ஸ்டனும் 1982இல் 'தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுண்டன்' என்ற புத்தகத்தை எழுதினார்கள். வாசகரே நாயகர்; பக்கம் பக்கமாகத் தாவி, பகடை உருட்டி, மலைக்குள் நுழைய வேண்டும். அந்த நாயகருக்குப் பெயர் கிடையாது, முகம் கிடையாது. ஆனால் காயம் படும், தெம்பு குறையும், பையில் உணவு தீரும். லண்டனுக்குத் தென்மேற்கே உள்ள கில்ட்ஃபர்டில், பீட்டர் மோலினூவின் லயன்ஹெட் நிறுவனம் 2004இல் வெளியிட்ட முதல் 'ஃபேபிள்' அந்த வழியில்தான் வந்தது: கிராமம் எரிகிறது, தந்தை கொல்லப்படுகிறார், அக்காவைக் காணவில்லை, சிறுவன் வளர்ந்து தேடிப் போகிறான். 2008இல் வந்த இரண்டாம் பாகம் இன்னும் கூர்மை. பவர்ஸ்டோன் நகரத்துப் பனித்தெருவில் இரண்டு அநாதைக் குழந்தைகள் ஓர் இசைப்பெட்டி வாங்க ஐந்து பொற்காசுக்கு அலைகிறார்கள். அன்றிரவே அக்கா ரோஸ் சுட்டுக் கொல்லப்படுகிறாள். அந்த ஐந்து காசு ஆட்டக்காரரின் மனத்தில் கடைசிவரை நிற்கிறது. கதையின் முடிவில், மாண்டுபோன ஆயிரக்கணக்கானோரை மீட்பதா, தன் அன்புக்குரியவர்களை மீட்பதா, செல்வத்தைப் பெறுவதா என்ற கேள்வி வரும்போது, அதைக் கேட்பது தத்துவம் இல்லை. ரோஸும், கூடவே ஓடிவந்த நாயும்தான். அடுத்த ஆண்டு லண்டனில் நடந்த பாஃப்டா விழாவில் அந்த விளையாட்டு விருது பெற்றதில் வியப்பில்லை.

மூன்றாம் பாகம் ஐம்பது ஆண்டு கழித்துத் தொடங்குகிறது. இரண்டாம் பாகத்தின் நாயகர் நாட்டை ஆண்டு மறைந்துவிட்டார். அவருடைய மூத்த மகன் லோகன் கொடுங்கோலனாக ஆள்கிறான். இளைய வாரிசுதான் நாம். மெத்தையில் விழித்தெழுகிறோம், சமையல்காரர் முதல் காவலர்வரை வணங்குகிறார்கள். இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. கதை தொடங்கிய சற்று நேரத்திலேயே லோகன் நம்மை அரசவையில் நிறுத்தி, காதலுக்குரியவரைக் கொல்லவா, போராட வந்த குடிமக்களைக் கொல்லவா என்று தேர்ந்தெடுக்கச் சொல்கிறான். இதைவிடப் பெரிய இழப்பு எது? காட்சி வலுவானதுதான். ஆனால் அதற்குப் பின் அந்த மரணம் கதையின் மையத்தில் ஏறக்குறைய இல்லாமலே போய்விடுகிறது. நாயகன் அதை நினைத்து எதையும் செய்வதில்லை, எதையும் செய்யாமலும் விடுவதில்லை. பழைய தளபதி வால்டர் அழைத்துப் போகிற இடத்துக்குப் போகிறான்: மலைவாசிகளிடம், பிரைட்வால் ஊருக்கு, பவர்ஸ்டோனின் ஆலைப் பகுதிக்கு, பாலைவன நாடான அரோராவுக்கு. புரட்சி வேண்டும் என்று நினைப்பது வால்டர். அதற்குக் காரணம் வைத்திருப்பது மலைவாசிகளின் தலைவன் சபீனும் பவர்ஸ்டோன் கிளர்ச்சியாளர்களின் தலைவி பேஜும். நாயகன் அவர்களுடைய கோரிக்கைகளுக்குக் கையொப்பமிடுகிறான். ஆதரவுகூட இங்கே நாணயமாகிவிட்டது: தெருவில் போகிறவரோடு கைகுலுக்கினாலும் நடனமாடினாலும் முத்திரைகள் சேரும், அவற்றைக் கொண்டு பெட்டிகளைத் திறந்து வலிமையை வாங்கலாம். மக்களின் நம்பிக்கையை இப்படி எண்ணிவிட்டால் அதை இழக்கும் அச்சம் எங்கிருந்து வரும்?

முடிசூட்டுக்குப் பிறகுதான் கதை தன் உண்மையான பொருளைத் தொடுகிறது. லோகனின் கொடுமைக்குக் காரணம் இருந்தது. அரோராவில் அந்த இருளை அவன் நேரில் கண்டிருக்கிறான். படை திரட்டவே வரி பிழிந்தான், பிள்ளைகளை ஆலைக்கு அனுப்பினான். அவனைக் கொல்வதா மன்னிப்பதா என்று முடிவு செய்த கையோடு அவன் சுமை நம் தலையில் ஏறுகிறது. அரசவையில் வழக்குகள் வரிசையாக வருகின்றன. ஒரு பக்கம் பேஜ், மறுபக்கம் ஸ்டீஃபன் ஃப்ரையின் குரலில் ஆலை முதலாளி ரீவர். அநாதை இல்லத்தை நடத்துவதா, அதை விபசார விடுதியாக்குவதா? பள்ளிக்கூடம் கட்டுவதா, குழந்தைகளை வேலைக்கு வைப்பதா? ஏரியைக் காப்பதா, நீரை வடித்துச் சுரங்கம் தோண்டுவதா? எதிர்ப்பக்கம் இவ்வளவு கேவலமாக வரைந்திருக்கும்போது நீதி பேசுவது சுலபம். லோகனுக்கு இருந்த குழப்பம் நமக்கு வருவதில்லை. நல்லவர் சொல்லும் செலவும் கெட்டவர் சொல்லும் வரவும் எதிரெதிராக நிற்க, இரண்டு நல்லவர்களுக்கு இடையே, சபீனுக்குக் கொடுத்த வாக்குக்கும் அரோராவுக்குக் கொடுத்த வாக்குக்கும் இடையே, அரசன் திணறும் காட்சி ஒன்றுகூட இல்லை. போதாததற்குக் காலக் கணக்கும் சதி செய்கிறது. 365 நாள் அவகாசம் துண்டு துண்டாகக் கழிகிறது. இன்னும் 121 நாள் இருக்கிறது என்று ஆட்டக்காரர் நினைத்துக்கொண்டிருக்கும்போது அடுத்த தாவலில் போர் வந்துவிடுகிறது. அறிவிப்பு இல்லை, கடைசி நேர முயற்சிக்கு இடமில்லை. இதை வாழ்வின் நிச்சயமின்மை என்று வாதிடுவோர் உண்டு. நிச்சயமின்மையைக் காட்ட விரும்பிய கதை, தானே முன்வந்து நாளை எண்ணிக் காட்டியிருக்க வேண்டாம்.

இதையெல்லாம்விட விசித்திரம், இந்த நெருக்கடியிலிருந்து தப்பிக்கும் வழி. வாக்குகள் அனைத்தையும் காப்பாற்றி, மக்கள் அனைவரையும் உயிரோடு வைத்திருக்க முடியும். எப்படி? வீடு வாங்கி வாடகைக்கு விட வேண்டும். கடைகளையும் குடியிருப்புகளையும் ஒவ்வொன்றாக வாங்கி, அவ்வப்போது பழுதுபார்த்து, வாடகை சேரச்சேர அதைச் சொந்தப் பையிலிருந்து கருவூலத்தில் கொட்டினால் 65 லட்சம் நிரம்பிவிடும். பொறுமை மட்டும் போதும். போர் வரும்வரை வேறு வேலைகளைச் செய்துகொண்டு காத்திருக்கலாம். ஆக, கொடுங்கோன்மையா பேரழிவா என்ற கேள்விக்குப் படைப்பாளர்கள் வைத்திருக்கும் விடை, நாட்டின் மிகப் பெரிய வீட்டு முதலாளியாக அரசனே ஆவது. பவர்ஸ்டோனின் புகைபோக்கிகளும் செங்கல் வரிசை வீடுகளும் விக்டோரியா காலத்து லண்டனின் சாயல் என்பது பார்த்தவுடன் தெரியும். வாடகைக்குச் சம்பளத்தின் பெரும்பங்கை அழும் இன்றைய லண்டன்வாசி இதை எள்ளல் என்று எடுத்துக்கொண்டு சிரிக்கலாம். அப்படியே வாதிடவும் செய்கிறார்கள்: ஃபேபிள் எப்போதும் கிண்டல் கதைதானே, இதுவும் ஆங்கிலேயச் சொத்து மோகத்தின் மீதான கிண்டல் என்று. எள்ளல் என்றால் யாராவது ஒருவர் அதைக் கதைக்குள் உணர்ந்திருக்க வேண்டும். இங்கே குடியிருப்பவர் எவரும் வாடகைப் பணத்தால் வாங்கிய ரட்சிப்பைக் கேள்வி கேட்பதில்லை. வாடகையைக் குறைத்தால் நல்லவர், ஏற்றினால் கெட்டவர் என்பதோடு ஆட்டத்தின் அறக்கணக்கு முடிகிறது. ஊர் முழுவதும் ஒருவர் கையில் இருப்பது அதன் கண்ணில் படவே இல்லை.

வீடியோ கேம் நாவல் ஆகாது, அதில் நாயகன் வெற்றிடமாக இருந்தால்தான் ஆடுபவர் உள்ளே புக முடியும் என்ற மறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. முதல் இரண்டு பாகங்களின் நாயகர்கள் பேசாதவர்கள். அந்த மௌனம் அவர்களுக்கு நன்றாகவே பொருந்தியது. மூன்றாம் பாகத்தில் நாயகனுக்குக் குரல் கொடுத்தார்கள். குரல் வந்ததால் கெட்டது என்று சிலர் முடிவுகட்டியது தவறு. 2015இல் வந்த போலந்து விளையாட்டான 'தி விட்சர் 3'இன் கெரால்ட் ஓயாமல் பேசுகிறான்; அவன் முகமும் பெயரும் பழக்கவழக்கமும் எழுத்தாளர்கள் முடிவு செய்தவை. இருந்தும் ஆட்டக்காரர் அவனுக்குள் புகுந்துகொள்கிறார். காணாமல்போன வளர்ப்புமகள் சிரியைத் தேடுகிறான் என்ற ஒரே தேவை எல்லாவற்றையும் தாங்குகிறது. ஃபேபிள் 3 வந்த சில மாதங்களில், 2011இல், கனடாவின் பயோவேர் 'டிராகன் ஏஜ் 2'ஐ வெளியிட்டது. அதுவும் ஏமாற்றம் என்றே வசைபாடப்பட்டது. ஒரே குகையைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள், நாயகன் ஹாக் எதையும் தடுக்க முடியாமல் கைபிசைகிறான் என்றெல்லாம் குறை சொன்னார்கள். ஆனால் ஹாக் அகதியாக கர்க்வால் நகரத்துக்கு வந்தவன்; தாயும் உடன்பிறப்பும் அவன் பொறுப்பு; ஒவ்வொருவராக அவன் கையைவிட்டுப் போகிறார்கள். தோற்றாலும் தோற்பது யார் என்று நமக்குத் தெரிகிறது. ஆல்பியனின் இளவரசனுக்குக் குரல் மட்டும் வந்தது. மௌனம் விட்டுச்சென்ற இடத்தில் ஆள் யாரும் வந்து உட்காரவில்லை.

வாரிசை நாயகனாக்குவதே தவறு என்று நினைக்கத் தோன்றும். தமிழ் வாசகர்களுக்கு அது தவறில்லை என்று காட்டும் காப்பியம் கையிலேயே இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் தொடர்ச்சியாக நிற்கும் மணிமேகலையின் நாயகி, கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்தவள். முன் கதையின் துயரம் அவள் பிறப்பிலேயே ஒட்டியிருக்கிறது. கண்ணகியின் புகழில் அவள் குளிர்காய்வதில்லை. குலத்தொழிலிலிருந்து விலக வேண்டும், துரத்திவரும் சோழ இளவரசன் உதயகுமாரனிடமிருந்து விலக வேண்டும், அவன் மேல் தனக்கே உள்ள ஈர்ப்பிலிருந்தும் விலக வேண்டும். அமுதசுரபி கிடைத்த பின் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கும்படி அவள் சோழ மன்னனிடம் கேட்கும்போது அது நலத்திட்டக் கோரிக்கை போலப் படுவதில்லை; பசியைப் பார்த்த ஒருத்தியின் சொல்லாக இருக்கிறது. அரியணையில் அமர்ந்து அநாதை இல்லத்துக்குப் பொத்தானை அமுக்கும் இளவரசனையும் இவளையும் அருகருகே வைத்தால், ஒரே மாதிரியான முடிவு இரண்டு கதைகளில் எவ்வளவு வேறுபட்ட எடை பெறுகிறது என்பது தெரியும். நாயகன் அரசனானதும் கதை கசந்துபோகும் அபாயத்தையும் நம் மரபு அறியும். கம்பர் முடிசூட்டோடு நிறுத்திக்கொண்டார். ஒட்டக்கூத்தர் பாடியதாகச் சொல்லப்படும் உத்தரகாண்டத்தில்தான், ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி மனைவியைக் காட்டுக்கு அனுப்பும் அரசனை நாம் காண்கிறோம். அந்த இராமன் பலருக்குப் பெருத்த ஏமாற்றம். ஆனால் அந்த ஏமாற்றத்தில் சீதை இருக்கிறாள், விலை இருக்கிறது. ஃபேபிள் 3இல் அந்த எடையை நெருங்கும் ஒரே கட்டம் கடைசிப் போர்: இருள் வால்டரின் உடலுக்குள் புகுந்துகொள்ள, வளர்த்த ஆசானையே நாயகன் கொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் சில நிமிடங்களில் மட்டும் இளவரசன் யாரோ ஒருவனாகிறான். அதன் பிறகு கதை முடிந்துவிடுகிறது.

பழியை மோலினூவின் வாய்ச்சவடால் மீதும் கெடு வைத்த மைக்ரோசாஃப்ட் மீதும் போடுவது வழக்கம். முதல் ஃபேபிளுக்கே, விதை ஊன்றினால் மரமாக வளரும் உலகம் என்றெல்லாம் சொல்லிவிட்டுப் பிறகு பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டவர் அவர். எதிர்பார்ப்பைக் கிளப்பிவிடுவதில் அவருக்கு இணை குறைவு. லயன்ஹெட்டை மைக்ரோசாஃப்ட் 2006இல் வாங்கியது, இரண்டாம் பாகத்துக்கும் மூன்றாம் பாகத்துக்கும் இடையே இரண்டே ஆண்டு என்பதும் மெய். அவசரத்தால் 121 நாள் காணாமல்போயிருக்கலாம். நாயகனுக்குத் தேவை இல்லாமல் போனது அவசரத்தால் நேர்வதன்று. முதல் நாள் தாளில் எழுதும்போதே அது முடிவாகிவிடும். மோலினூ 2012இல் விலகினார். 'ஃபேபிள் லெஜண்ட்ஸ்' கைவிடப்பட்டு 2016 ஏப்ரலில் லயன்ஹெட் மூடப்பட்டது. அடுத்த ஃபேபிளை லெமிங்டன் ஸ்பா நகரத்தின் பிளேகிரவுண்ட் கேம்ஸ் உருவாக்குவதாக 2020இல் அறிவித்தார்கள். 2025 என்று சொன்ன வெளியீடு 2026க்குத் தள்ளிப்போனது. அதன் பெயரில் 4 என்ற எண் இல்லை. வெறும் 'ஃபேபிள்' என்று புதிதாகத் தொடங்குகிறார்கள். வணிகக் கணக்கில் அது புத்திசாலித்தனம்தான். ஆனால் ஆல்பியனை ஆளும் ஒருவர் தன் வாக்குக்கும் தன் மக்களுக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும் கதையை அந்த வரிசையில் இன்னும் யாரும் எழுதி முடிக்கவில்லை.