பெஞ்சுத் தீர்ப்புகள்

“நாலு பேர் என்ன சொல்வார்கள்?”

இந்த ஒரு கேள்விக்கு அஞ்சாத வீரர் இந்நாட்டில் அரியர். முறத்தால் புலியை விரட்டிய மாதரின் மரபில் வந்தோம் என்று மேடையிலே முழங்குவோரும், வீட்டிலே மகளின் மணப்பேச்சு எழுந்ததும், அந்த நாலு பேரை நினைத்து நா உலர்ந்து நிற்கின்றனர். மன்னனை எதிர்த்தனர், மாற்றானை எதிர்த்தனர், மதத்தையும்கூட எதிர்த்தனர். இந்த நால்வரை எதிர்க்க மட்டும் நெஞ்சுரம் காணோம்!

யார் இந்த நால்வர்? எவரும் தேர்ந்தெடுத்தாரில்லை, எந்தச் சட்டமும் பயின்றாரில்லை. ஆயினும் நாள்தோறும் அவர்தம் நீதிமன்றம் கூடுகிறது. தெருமுனைத் தேநீர்க் கடை, அதன் முன்னே ஒரு பெஞ்சு, பாய்லரில் கொதிக்கும் நீர், கையிலே ஒரு கிளாஸ். முதல் வாய் உறிஞ்சுவதற்குள், அடுத்த தெருப் பெண் வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பிய வழக்கு விசாரிக்கப்படுகிறது. இரண்டாம் வாய்க்குள் நடிகை ஒருத்தியின் மணவிலக்கு. அரைக் கிளாஸ் தீருமுன் நாட்டின் நிதிநிலை அறிக்கை. கடைசி வாயில் ஆட்சியே கவிழ்ந்துவிடும்! சாட்சி இல்லை, எதிர்வாதம் இல்லை, மேல்முறையீடும் இல்லை.

நாடகம் வந்தால் திறனாய்வு எழுதுகிறோம். படம் வந்தால் எழுதுகிறோம். ஆயிரம் பேர் படித்த நாவலை அலசி ஆராய்கிறோம். ஏழு கோடித் தமிழர் காலையும் மாலையும் காதால் பருகும் இந்தப் பேச்சிலக்கியத்தை மட்டும் எவரும் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வதில்லை. “வெறும் பேச்சுத்தானே!” என்று ஒதுக்குவர். வெறும் பேச்சுத்தானா என்று எடுத்துப் பார்ப்போம்.

எந்த இலக்கியத்துக்கும் ஒரு நடை உண்டு. இதற்கும் உண்டு. முதலில் இதன் எழுவாயைத் தேடுங்கள், தோழர்களே! கிடைக்காது. ‘சொல்கிறார்கள்’, ‘பேசிக்கொள்கிறார்கள்’ - வினை உண்டு, வினை செய்தவன் இல்லை. தோன்றா எழுவாய் என்று இலக்கணம் கூறுவது வேறு. இது தோன்ற மறுக்கும் எழுவாய்! பழி மட்டும் சேரவேண்டிய வாசலில் போய்ச் சேர்ந்துவிடும், சொன்னவன் அகப்படமாட்டான். கேட்டால், “நெருப்பில்லாமல் புகையுமா?” என்பான். புகை மூட்டியவனே வந்து கேட்கும் கேள்வி இது.

அடுத்தது, ‘என்ன இருந்தாலும்’. இதைப்போன்ற கேடயம் எந்தப் படைக்கலக் கொட்டிலிலும் கிடையாது. “அந்தப் பெண் படித்திருக்கிறாள், உழைக்கிறாள், பெற்றோரைக் காக்கிறாள்” என்று மூன்று உண்மைகளை அடுக்கிக் காட்டுங்கள். “என்ன இருந்தாலும் பெண் பெண்தானே!” என்று விடை வரும். அதன் பொருள் என்ன? நீ எந்தச் சான்றைக் கொண்டுவந்தாலும் நான் கண் திறந்து பார்க்கப்போவதில்லை என்பதுதானே? வேதத்தை வினவாதே என்று உரைத்த வைதிகனுக்கும் இவனுக்கும் என்ன வேறுபாடு? அவனாவது ஒரு வேதத்தைச் சுட்டினான்!

மூன்றாவது, ‘அந்தக் காலத்திலே’. கம்பும் கேழ்வரகும் உண்டார்களாம், நோயே இல்லையாம், நூறாண்டு வாழ்ந்தார்களாம். கம்பின் மீது நமக்குப் பகை இல்லை; கதையின் மீதுதான். இந்நாடு விடுதலை பெற்ற வேளையில் மக்களின் சராசரி வாழ்நாள் ஏறத்தாழ 32 ஆண்டு. இன்று 70ஐ ஒட்டி நிற்கிறது. உடலெல்லாம் கொப்புளம் கண்டால் ஆத்தாள் வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டி, மருத்துவனை வாசலோடு நிறுத்திய காலம்தான் அந்தக் காலம். அம்மை குத்துவோர் தெருத்தெருவாக, வீடுவீடாக அலைந்து திரிந்த பின்னரே, 1975இல் பெரியம்மை இந்நாட்டைவிட்டு ஓடிற்று. உலகிலேயே அந்நோய் இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தது. ஆத்தாள் எங்கே போனாள் என்று பெஞ்சு இன்றளவும் கேட்கவில்லை. “எங்கள் பாட்டி பத்துப் பிள்ளை பெற்றாள், ஒரு மாத்திரை தின்றதில்லை” என்று பெருமை பேசுவோரை நாம் ஒன்றே ஒன்று கேட்கிறோம்: பத்தில் எத்தனையைப் புதைத்தாள்?

கலைபற்றிய தீர்ப்புகளும் உள்ளன. முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸ் 1931இல் வெளிவந்தது. அதில் நடித்த டி. பி. ராஜலட்சுமி, 1936இல் ‘மிஸ் கமலா’ என்னும் படத்துக்குக் கதையும் எழுதித் தாமே இயக்கவும் செய்தார். எழுதவும் இயக்கவும் வல்ல பெண்ணைக் குறிக்கப் பெஞ்சின் அகராதியில் இருந்த சொல் ‘கூத்தாடி’ ஒன்றுதான். இன்றும் ஒரு நடிகையின் நடிப்பைப்பற்றி ஒரு வரி சொல்லத் தெரியாதவர், அவருடைய வயதைப்பற்றியும் உடையைப்பற்றியும் ஒரு மணி நேரம் பேசுகிறார். நடிகனுடைய கட்டவுட்டுக்கோ பாலாபிஷேகம்! இத்துறைக்கு இதற்குமேல் இடம் ஒதுக்க நாம் விரும்பவில்லை.

ஏனெனில், பேச்சு திரையரங்கைவிட்டு வீட்டுக்குள் நுழையும்போதுதான் அதன் நஞ்சு முழுவதும் வெளிப்படுகிறது. அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில், 1928இல், பெரியார் தலைமையில் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. புரோகிதர் இல்லை, வளர்த்த தீ இல்லை, மணமக்களுக்கும் விளங்காத, ஓதுவோனுக்கும் விளங்காத மந்திரம் இல்லை. அத்தகைய மணங்கள் நாடெங்கும் பரவின. “இதெல்லாம் ஒரு கல்யாணமா?” என்றது பெஞ்சு. மனைவியை ‘வைப்பு’ என்றது. 1950களில் சென்னை உயர்நீதிமன்றம், சுயமரியாதைத் திருமணம் ஒன்றைச் சட்டப்படி செல்லாது என்று கூறியபோது பெஞ்சுக்கு ஒரே மகிழ்ச்சி. “நாங்கள் அப்போதே சொல்லவில்லையா?” என்று மார்தட்டிற்று. நேற்றுவரை இல்லத்தரசியாக இருந்தவள் சட்டத்தின் கண்ணில் மனைவி அல்லாதவள் ஆனாள். பெற்ற பிள்ளைகளுக்கு வாரிசுரிமை இல்லாமற் போயிற்று.

அண்ணா முதலமைச்சராக வீற்றிருந்த 1967இல் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தம், 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்தது; முன்னரே நடந்த சுயமரியாதைத் திருமணங்களுக்கும் அது ஏற்பளித்தது. 1928 எங்கே, 1968 எங்கே! நாற்பது ஆண்டு. அந்த நாற்பது ஆண்டில் எத்தனை பந்திகளில், எத்தனை பள்ளிக்கூட வாசல்களில், “உன் அம்மாவுக்கு முறைப்படி கல்யாணம் ஆயிற்றா?” என்ற கேள்வியைக் காதில் வாங்கிக் குழந்தைகள் வளர்ந்திருப்பார்கள்! கேட்டவன் கல் எறியவில்லை, கத்தி எடுக்கவில்லை. கருத்துச் சொன்னான், அவ்வளவுதான்.

கத்தியும் வந்தது. 2016 மார்ச் 13. உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே, பட்டப்பகலில், பலர் பார்த்திருக்க, சாதி மறுத்து மணந்த இளைஞன் வெட்டிக் கொல்லப்பட்டான், மனைவியும் வெட்டுண்டாள். இத்தகைய கொலைகளுக்குப் பிறகு பெஞ்சில் எழும் பேச்சைக் கூர்ந்து கேளுங்கள். “கொன்றது தப்புத்தான், ஆனாலும் பெற்ற மனம் என்ன பாடு பட்டிருக்கும்!” தோழர்களே, அந்த ‘ஆனாலும்’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். கொலைக்கு முன்னே ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’. கொலைக்குப் பின்னே ‘ஆனாலும்’. இரு பக்கமும் இச்சொற்கள் காவல் நிற்க, நடுவிலேதான் அரிவாள் வீசப்படுகிறது. அரிவாளைப் பிடித்தவனுக்குச் சிறை உண்டு. காவல் நின்ற சொற்களுக்கு மறுநாள் காலையிலும் சூடாகத் தேநீர் உண்டு!

இந்த நால்வரைச் சட்டம் எங்கே நிறுத்தியிருக்கிறது என்பதையும் இளைஞர்கள் அறிந்திருத்தல் நலம். 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்பளித்தது. சுயமரியாதைத் திருமணத்துக்கு ஊரறிந்த விழாவோ பொது அறிவிப்போ கட்டாயமில்லை. நண்பர் என்ற முறையில் வழக்கறிஞரும் அதை நடத்திவைக்கலாம் என்றது. குடும்பத்தாரின் எதிர்ப்புக்கும் மிரட்டலுக்கும் அஞ்சி ஒளிந்து வாழும் இருவர், ஊரைக் கூட்டி அறிவிப்பது எங்ஙனம் என்பதை அம்மன்றம் எண்ணிப் பார்த்தது. மணமக்களின் நண்பரோ உறவினரோ வேறு எவரோ உடனிருந்தால் போதும். ஊரின் ஒப்புதல் தேவை இல்லை.

ஊர்! அந்தச் சொல்லையும் சற்று உரசிப் பார்க்கவேண்டும். “ஊர் சொல்கிறது” என்கிறார்களே, எந்த ஊர்? ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்து வைத்துவிட்டு, பிறகு “ஊர் சொல்கிறது” என்றால், யாருடைய குரல் அதில் இல்லை என்பது வெளிப்படை. தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955இலேயே வந்தது. அதன் பிறகும் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை ஒழியவில்லை. ஒருவனுக்குப் பெஞ்சும் கண்ணாடிக் கிளாசும். மற்றொருவனுக்குத் தரையும் கொட்டாங்கச்சியும். இந்நாளில் சில ஊர்களில் அது தூக்கியெறியும் காகிதக் குவளையாக வேடம் மாறி வந்திருக்கிறது என்று செய்திகள் வருகின்றன. பெஞ்சில் உட்காரவே விடப்படாதவனைப்பற்றிப் பெஞ்சு தீர்ப்புரைக்கிறது.

பெண்ணும் அங்கே உட்காருவதில்லை. ஆனால் பேச்சில் பாதி அவளைப்பற்றித்தான். பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டுமென்று 1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. “சொத்தைக் கொடுத்தால் குடும்பம் சிதறிப்போகும்” என்று, சொத்தை வைத்திருந்தவர்களே வழக்காடி, சொத்தை வைத்திருந்தவர்களே தீர்ப்பும் வழங்கினர். கலைஞர் ஆட்சியில் 1989இல் தமிழ்நாட்டில் அது சட்டமாயிற்று. இந்தியா முழுமைக்கும் வர 2005 ஆயிற்று. குடும்பங்கள் சிதறிவிடவில்லை. சிதறிவிடும் என்றவர்களும் “தவறாகச் சொல்லிவிட்டோம்” என்று எங்கும் கூறியதாகத் தெரியவில்லை.

அரசியல் பேச்சுக்கு வருவோம். “எல்லாரும் திருடர்கள், யார் வந்தால் என்ன?” கேட்பதற்கு ஞானியின் வாசகம்போலத் தோன்றும். உண்மையில் சோம்பலின் உச்சம் இது. எல்லாரும் திருடர் என்றால், உண்மையான திருடனுக்கு அதைவிட நல்ல வழக்கறிஞன் வேறு யார்? யார் வந்தால் என்ன என்று கேட்கிறாயே, நண்பா, சொல்கிறோம் கேள்: நீதிக்கட்சித் தலைவர் தியாகராயரின் பொறுப்பில் இருந்த சென்னை மாநகராட்சி, 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பகலுணவு தந்தது. நமக்கு மாற்றுக் கட்சியினர் ஆயினும், காமராசர் 1956இல் மதிய உணவை மாநிலமெங்கும் கொண்டுசென்றார். 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவாக விரிந்தது. 2022இல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு தொடங்கிற்று. யாரோ ஒருவர் வந்ததால்தான் ஒவ்வொன்றும் வந்தது. அவற்றில் ஒன்றை உண்டு எழுத்தறிந்தவனே, பெஞ்சில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, “இலவசம் கொடுத்து மக்களைச் சோம்பேறியாக்கிவிட்டார்கள்” என்று ஏடு படித்துச் சொல்கிறான். ஏட்டைப் படிக்கக் கற்பித்தது எந்தச் சோறு என்று அவனுக்கு நினைவில்லை.

பிறரை மட்டும் சாடி நம்மவரை விட்டுவிடுவது முறையன்று. பகுத்தறிவாளர் எனத் தம்மை அழைத்துக்கொள்ளும் இளந்தோழர் சிலரும் இந்நடையைப் பழகிவருவதைக் காண்கிறோம். எதைக் கேட்டாலும், “பெரியார் சொன்னார்” என்று கூறி வாதத்தை முடித்துக்கொள்கின்றனர். எங்கே சொன்னார், எப்போது சொன்னார், எந்தக் காரணம் காட்டிச் சொன்னார் என்று வினவினால் முகம் சிவக்கின்றது. நான் சொல்வதற்காக நம்பாதே, உன் அறிவைக்கொண்டு ஆராய்ந்து பார் என்று ஊர் ஊராய் மூத்திரச் சட்டியைச் சுமந்து அலைந்து சொன்ன கிழவரை, ‘சொன்னார்’ என்ற ஒற்றை வினைமுற்றுக்குள் பூட்டிவைப்பது எவ்வகைப் பகுத்தறிவு? ‘சாத்திரம் சொல்கிறது’ என்பதன் மறுபதிப்பு இது. அட்டை மட்டும் கறுப்பு.

பெஞ்சை உடைத்தெறியவேண்டும் என்று நாம் கூறவில்லை. இவ்வியக்கம் வளர்ந்ததே அப்பெஞ்சில்தான். 1951 கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேரே. அத்தகைய நாட்டில் குடி அரசும் விடுதலையும் திராவிட நாடும் எப்படி மூலைமுடுக்கெல்லாம் பாய்ந்தன? முடிதிருத்தகங்களிலும் தேநீர்க் கடைகளிலும் ஒருவர் உரக்கப் படித்தார், பத்துப் பேர் கேட்டனர். கேட்டவர் பலருக்கு எழுத்துத் தெரியாது; ஆனால் வினவத் தெரியும். படிப்பவர் ஒரு வரியை விழுங்கினால், “அதை மறுபடி படி” என்பார் ஒருவர். “சொன்னது யார்? பேரைப் படி” என்பார் மற்றொருவர். விலைவாசிக் கணக்கு ஒன்று வந்தால், கடைக்காரரின் சிலேட்டிலேயே போட்டுப் பார்ப்பார்கள். சண்டையும் வரும்; கிளாசும் உடையும்; மறுநாள் ஏடு வரும்வரை வாதம் ஓயாது.

இன்றும் அக்கடைகளில் நாளேடு வருகிறது. முற்பகல் வரை பெஞ்சில் கிடக்கிறது. பிற்பகலில் வடையின் எண்ணெயை ஒற்றி எடுப்பதற்கு ஆகிறது.