குறிஞ்சி நூறும் பல்குரற் காதலும்

காதலர் இருவரையும் அவர்தம் உற்றாரையும் மாறி மாறிப் பேசவைத்து, ஒரு கதையைப் பலர் வாயாற் கூறும் இளையோர் புதினங்கள் இன்று பெரிதும் விரும்பிப் படிக்கப்பெறுகின்றன. இம்முறையை மேலைநாட்டார் கண்ட புதுமை என்பாரும், வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்குவாரும் நம்மிடையே உளர். இவ்விரு கருத்தும் பொருந்துமா என்பதை, ஐங்குறுநூற்றில் கபிலர் பாடிய குறிஞ்சி நூறு கொண்டு ஆராய்வாம்.

புலவன் தன் கூற்றாகக் கதை சொல்லாது விலகி நிற்றல் அகப்பாட்டின் மரபு. களவிற் பேசுதற்குரியார் பார்ப்பான், பாங்கன், தோழி, செவிலி, தலைவன், தலைவி என அறுவர் எனத் தொல்காப்பியச் செய்யுளியல் வரையறுக்கின்றது. அமெரிக்க நாவலாசிரியர் வில்லியம் பாக்னர் 1930இல் பதினைவரைப் பேசவைத்து ஒரு புதினம் இயற்றினார். சப்பானியர் அகுதாகவா 1922இல் எழுதிய சிறுகதையில் ஒருவர் கூற்றை மற்றொருவர் கூற்று மறுக்கும். அகத்திலோ மறுப்பு இல்லை. ஒவ்வொருவரும் ஒரு கூறே அறிவர், முழுதும் அறிவார் படிப்பவரே. இவ்வேறுபாடே குறிஞ்சி நூற்றின் சுவைக்கு அடிப்படை என்பது நம் துணிபு.

சேலத்திலிருந்து ஏற்காட்டிற்கு ஏறும் பாதையில் 20 கொண்டையூசி வளைவுகள் உள. வளைவுதோறும் கீழே தோன்றுவது ஒரே சமவெளிதான், தோற்றமோ வேறு. கபிலர் பாடியது இச்சேர்வராயன் மலையை என்று நாம் கூறவில்லை. ஆங்கிலேயர் காலத்தில் காப்பித் தோட்டம் புகுந்து இம்மலையின் முகமும் மாறியது. எனினும் சாமையும் கேழ்வரகும் விளைக்கும் மலைவாணரின் புனங்களைக் கண்டார்க்குக் கிள்ளைப் பத்து எளிதில் விளங்கும். புனத்தார்க்குக் கிளி கதிர் கவரும் பகை. அதனை ஓட்டவே மகளைக் காவலுக்கு விடுக்கின்றனர். தலைவனோ, அவளைக் காவலிற் காணச் செய்த கிளி பல்லூழி வாழ்க என வாழ்த்துகின்றான். பறவை ஒன்றே, பேசுவோன் மாறப் பொருளும் மாறுகின்றது.

வெறிப்பத்தில் இம்முறை மேலும் கூர்மையுறுகின்றது. மகளின் மெலிவு கண்ட தாய், அது முருகனால் வந்தது எனக் கருதி வேலனை அழைக்கின்றாள். அவன் கழங்கு பார்க்கின்றான். நோய்க்குக் காரணம் மலைநாடன் என்பதைத் தோழி அறிவாள். வெளிப்படக் கூற அஞ்சுவாள். தாயின் அன்பு பொய்யன்று. அவள் அறிவே குறையுடையது. அன்புடையாரே அறியாது துன்புறுத்தும் இந்நிலை கண்டு நாம் நகைக்கின்றோம். அவள்பால் இரங்கவும் செய்கின்றோம்.

இங்கு ஒரு தடை எழும். கூற்றைக் காட்டும் துறைக்குறிப்புக்கள் பிற்காலத்தார் எழுதியனவாயின், பல்குரல் அமைப்பு கபிலருடையது ஆகுமா? 203ஆம் பாட்டு இதற்கு நல்ல சான்று. தலைவன் நாட்டில் மான் உண்டு எஞ்சிய கலங்கல் நீர், தேன் கலந்த பாலினும் இனியது என்கின்றாள் தலைவி. பாட்டில் உள்ள விளி 'அன்னாய்' என்பதே. உடன்போய் மீண்டவள் தோழிக்குக் கூறியது என்பது துறைக்குறிப்பு. தோழியிடம் கூறின் அது களிப்பு. பெற்ற தாயிடம் கூறின் பிறந்த வீட்டைக் குறைத்துரைக்கும் வன்சொல். கேட்போர் இன்னார் என்பது குறிப்பால் துணியப்படும். பேசுவாள் ஒரு மகள் என்பதோ பாட்டிலேயே உளது. ஆகவே குரல் கபிலர் தந்தது. குறிப்பு ஒரு பழைய வாசகரின் தீர்ப்பு. அதனை மதித்தல் வேண்டும். ஆராயாது மனப்பாடம் செய்தல் வேண்டா.

மேலும், கதைமுடிவில் வரற்பாலதாகிய இந்நிகழ்ச்சி நூற்றின் மூன்றாம் பாட்டாக நிற்கின்றது. எனவே இந்நூறு நிகழ்ச்சி முறையில் தொடுத்த கதையன்று. பிற்காலக் கோவை நூல்கள் அம்முறையில் தொடுத்தன. திருக்கோவையார் 400 பாட்டால் அதனைச் செய்தது. கோவையால் ஒழுங்கு கிடைத்தது. படிப்பவர் தாமே கதையைக் கூட்டி உணரும் இன்பம் குறைந்தது.

ஆதலின், பல்குரற் புதினத்தை விரும்பும் இளைஞரை இகழ்தல் முறையன்று. அவர் சுவைப்பது நம் பழஞ்சுவையே. முதுகலை மாணவர் இந்நூறு பாட்டையும் ஒருசேரப் படித்து, பேசுவார் யார், கேட்பார் யார், பேசுவார் அறியாதது யாது என வினவுவாராக. மூன்றாம் வினாவே நயத்தின் வாயில் என்க.