யாருக்கு இந்தப் பொன்னாடை?

கல்வியியல், மனையியல் கல்லூரிகளில் 'சிறந்த முன்னாள் மாணவர்' ஒருவரை அழைத்துப் பொன்னாடை போர்த்தும் வழக்கம் இன்று பரவலாகிவிட்டது. பல இடங்களில் குடியரசு நாளையோ சுதந்திர நாளையோ ஒட்டி விழா வைக்கிறார்கள். வரவேற்புரை, நினைவுப் பரிசு, ஏற்புரை, மதிய உணவு என்று நிறைவாகவே நடக்கிறது. இந்த வழக்கம் நமக்குத் தேவை என்றே கருதுகிறேன். ஆனால் ஆசிரியர்களை உருவாக்கும் கல்லூரிகள் யாரைத் தேடிப் பிடிக்கின்றன என்பதில் எனக்குப் பெரிய மனக்குறை உண்டு. வகுப்பறையிலேயே நின்றவரை விட்டுவிட்டு, வகுப்பறையைக் கடந்து மேலே போனவரைத்தான் அவை பெரும்பாலும் கொண்டாடுகின்றன.

முதலில் நன்மையைச் சொல்லிவிட வேண்டும். விருத்தாசலம் போன்ற ஊரில் இந்த விழாவுக்குத் தனி மதிப்பு உண்டு. சுற்றிலும் முந்திரித் தோப்பும் மானாவாரிப் புன்செயும். ஊருக்குள் பீங்கான் தொழிற்பேட்டை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் களிமண்ணும் சுற்றுவட்டார மண்ணும் இங்கே அகல்விளக்காக, கொலு பொம்மையாக, பியூஸ் கேரியராகச் சூளையிலிருந்து வெளிவருகின்றன. பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே பட்டயப் படிப்பு நடத்தும் அரசு நிறுவனமும் இங்கு இருக்கிறது. சூளைக்கும் தோப்புக்கும் வேலைக்குப் போகும் வீடுகளிலிருந்து கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளில் பலர் அந்த வீட்டின் முதல் பட்டதாரிகள். படித்தால் என்ன ஆகலாம் என்று சொல்ல அவர்கள் வீட்டில் ஆள் இல்லை. பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி இதே பெஞ்சில் உட்கார்ந்து படித்துத் தலைமை ஆசிரியை ஆனாள் என்று கண்ணால் காண்பது, அவர்களுக்குப் பத்து அறிவுரைக்குச் சமம்.

இன்னொரு நன்மையும் உண்டு. கூப்பிட்டு மரியாதை செய்தால்தான் பழைய மாணவருக்கும் கல்லூரியோடு ஒட்டுதல் வருகிறது. நூலகத்துக்குப் புத்தகம், ஏழை மாணவருக்குத் தேர்வுக் கட்டணம் என்று கை நீளுகிறது. 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டமும் முன்னாள் மாணவர்களின் இந்தப் பாசத்தை நம்பித்தான் நிற்கிறது.

இனிக் குறைகள். சென்னை சைதாப்பேட்டைக் கல்வியியல் கல்லூரியின் வேர் 1856இல் தொடங்கிய ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் இருக்கிறது. அங்கே படித்தவர்களில் எல்லோரும் சொல்லும் பெயர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். குடியரசுத் தலைவரான ஒருவர் அங்கே ஆசிரியப் பயிற்சி பெற்றார் என்பது பெருமைதான். ஆனால் அந்தப் பயிற்சியை வாங்கிக்கொண்டு தாலுகா பள்ளிகளுக்குப் போய், முப்பது வருடம் கணக்கும் இலக்கணமும் நடத்திய ஆயிரக்கணக்கானோரில் எத்தனை பேரை நாம் அறிவோம்? அவர்கள்தான் அந்தக் கல்லூரியின் நோக்கத்தை நிறைவேற்றியவர்கள். பொறியியல் கல்லூரி தன் மாணவர் தொழிலதிபரானதைக் கொண்டாடலாம். அது அந்தப் படிப்பின் வழியிலேயே இருக்கிறது. கல்வியியல் கல்லூரி அதையே நகலெடுத்து, பி.எட். முடித்து ஆட்சிப் பணிக்கோ அரசியலுக்கோ போனவரை மட்டும் மேடையேற்றினால், எதிரே உட்கார்ந்திருக்கும் பயிற்சி மாணவர் என்ன எடுத்துக்கொள்வார்? ஆசிரியராகவே இருந்துவிட்டால் அது பாதி வெற்றிதான் என்று எடுத்துக்கொள்வார்.

மனையியலிலும் இதே நிலைதான். ராஜம்மாள் தேவதாஸ் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஊட்டச்சத்து படித்து முனைவர் பட்டம் வாங்கி வந்து, கோவை அவினாசிலிங்கம் நிறுவனத்தை வளர்த்தவர். 1992இல் பத்மஸ்ரீ பெற்றவர். அந்த மரியாதை முற்றிலும் தகும். ஆனால் அவர் வளர்த்த துறையில் படித்த பெண்கள் ஊர் ஊராகப் போய் எடை குறைந்த குழந்தையைக் கண்டுபிடித்து, தாயிடம் பக்குவமாகப் பேசி, மாதா மாதம் எடை பார்த்துத் தேற்றுகிறார்கள். அந்த வேலைக்குப் பதவிப் பெயர் சிறியது என்பதால், விருதுக் குழுவின் கண்ணுக்கு அது தட்டுப்படுவதில்லை.

அழைப்பிதழ் போகும் முகவரிப் பட்டியலிலும் ஓட்டை இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இல் தொலைதூரக் கல்வியைத் தொடங்கியது. கடலூர், விழுப்புரம் பக்கம் எத்தனையோ ஆசிரியர்கள் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் பட்டம் வாங்கியவர்கள். பாடப் புத்தகத்தைத் தபாலில் வாங்கி, விடுமுறை நாளில் நேர்முக வகுப்புக்குப் பஸ் ஏறியவர்கள். வளாக விடுதியில் தங்கிப் படித்தவர்களே முன்னாள் மாணவர் சங்கத்தில் கூடும்போது இவர்கள் நினைவுக்கு வருவது அரிது.

இதற்கு மேல் கோப்புக் கட்டாயம் ஒன்றும் சேர்ந்துகொண்டது. கல்லூரிகளுக்குத் தரம் வழங்கும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் முன்னாள் மாணவர் பங்களிப்பு ஒரு தனித் தலைப்பாக இருந்து வந்திருக்கிறது. ஆயிரம் மதிப்பெண்ணில் அதற்குப் பத்து. அந்தப் பத்துக்காகவே விழா வைத்து, படம் எடுத்து, கோப்பில் சேர்ப்பது எளிது. அப்போது நன்கொடை தரக்கூடியவரும் பத்திரிகையில் பெயர் வரக்கூடியவருமே முன் வரிசைக்கு வருவார்கள்.

இதற்குச் சொல்லப்படும் பதில் நியாயமானதே: பதவியைச் சரிபார்க்கலாம், நல்ல கற்பித்தலை எதை வைத்து அளப்பது? பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்தை வைத்து அளந்தால் ஆபத்து. தேர்ச்சி பெறமாட்டான் என்று தோன்றும் பையனை ஒன்பதாம் வகுப்பிலேயே கழித்துக்கட்டும் பள்ளிக்குத்தான் பரிசு போகும். விண்ணப்பம் கேட்டு வாங்குவதும் போதாது. 2018 முதல் தேசிய நல்லாசிரியர் விருதுக்கு ஆசிரியர் தாமே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். சிபாரிசுக்கு அலைவதை அது குறைத்தது. ஆனாலும் தன்னைப் பற்றித் தானே எழுதக் கூசும் ஆசிரியர் அதில் விடுபட்டுப் போகிறார்.

வழி இந்த மண்ணிலேயே இருக்கிறது. விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவார்கள். வாய்விட்டுச் சொல்ல முடியாத குறையை, பெயர், ஊர், விவரத்தோடு தாளில் எழுதி வேலில் கட்டிவிட்டு வருவார்கள். கல்லூரியும் அப்படியொரு வாசலைத் திறந்து வைக்கட்டும். இங்கே எழுதப்படுவது குறையாக இல்லாமல் நன்றியாக இருக்கும். ஆசிரியரிடம் படித்தவர், பெற்றோர், சத்துணவுக் கூடத்தில் வேலை செய்பவர், உடன் பணியாற்றியவர் என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். 'எனக்கு இன்னதைச் செய்தார்' என்று நடந்ததை எழுத வேண்டும். வெறும் புகழ்மொழி கூடாது. குழு அந்த ஊருக்கே போய் விசாரித்து முடிவு செய்யட்டும்.

இந்த ஊர் தன் மனிதர்களைப் பதவி பார்க்காமல் அடையாளம் காணக்கூடிய ஊர்தான். அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே எழுதிய இமையம், 'செல்லாத பணம்' நாவலுக்காக 2020ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றார். போக்குவரத்துக் கழகப் பணிமனையில் தொழிலாளியாக இருந்த மணக்கொல்லை கண்மணி குணசேகரன், நடுநாட்டு மக்கள் பேசும் சொற்களைத் திரட்டி அகராதியே செய்தார். விண்ணப்பப் படிவத்தில் 'வகிக்கும் பதவி' என்ற கட்டத்தை மட்டும் பார்க்கிறவருக்கு இவர்கள் யாரென்று தெரியாமலே போயிருக்கும்.

ஆண்டுக்கு ஒருவர் என்பதை இருவர் ஆக்கலாம். ஒருவர் உயர்ந்த இடத்துக்குப் போனவராக இருக்கட்டும். மற்றவர் குறைந்தது இருபது வருடம் வகுப்பறையிலோ அங்கன்வாடியிலோ நின்றவராக இருக்க வேண்டும் என்பது விதியாகட்டும். அவர் ஓய்வு பெறும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பணியில் இருக்கும்போதே அழையுங்கள். ஏற்புரைக்கு ஐந்து நிமிடம் கொடுத்து முடித்துவிடாமல், பயிற்சி மாணவர்களுக்கு ஒரு முழு வகுப்பு எடுக்கச் சொல்லுங்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையை அவர் எப்படிப் படிக்க வைத்தார் என்பதை அவர்கள் நேரில் கற்கட்டும். நினைவுப் பரிசைக்கூட வெளியூர் ஷீல்டு கடையில் வாங்காமல், உள்ளூர்ப் பீங்கான் மாணவர்களையே செய்யச் சொல்லலாம். இவ்வளவுக்கும் பெரிய செலவில்லை. நல்ல ஆசிரியராக இருப்பதே ஒரு முழு வாழ்க்கை என்று கல்லூரி மெய்யாகவே நம்பினால், அடுத்த விழாவிலேயே இதைச் செய்துவிடலாம்.